ஜப்பானியக் குறுவாள் வடிப்பு மரபு: கைவினை, அரசாணை, மீட்டுருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய வாள் குறித்த ஆய்வுகளில் நெடுவாளாகிய கதானாவே முதலிடம் பெறுகிறது. அதனுடன் இணையாக இடுப்பில் செருகப்பட்ட வாகிசாஷியும், அதனினும் சிறிய தாந்தோவும் துணைக்கருவிகளாகவே நோக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் ஜப்பானியச் சமூகத்தில் மிகப் பலரின் கைக்கு எட்டியதும், அரசாணைகளின் மாற்றத்தை மிக நுட்பமாகத் தன் உடலில் பதிவு செய்திருப்பதும் குறுவாளே. குறுவாள் வடிக்கும் தொழில்நுட்பத்தின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தொழில் 16ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை பலமுறை அறுபட்டு மீட்டுருவாக்கப்பட்டதை வரலாற்றுச் சான்றுகளின் வழி நிறுவ முயல்கிறது. இன்று 'இடையறாத மரபு' என்று போற்றப்படும் கைவினை, உண்மையில் அறுபட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் முடிச்சிடப்பட்ட ஒன்று என்பதே இக்கட்டுரையின் மையக்கருத்து.

திறவுச்சொற்கள்: குறுவாள், வாகிசாஷி, தாந்தோ, தமாஹகானே, ததாரா உலை, ஹமோன், வாள்தடைச் சட்டம், மரபு மீட்டுருவாக்கம்.

1. முன்னுரை

ஒரு கைவினைப் பொருளின் வரலாற்றை இரு வழிகளில் எழுதலாம். அப்பொருளைச் செய்த கம்மியரின் திறனையும் கருவிகளையும் பின்தொடர்ந்து எழுதுவது ஒரு வழி. அப்பொருளை யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கக் கூடாது என்று விதித்த ஆட்சியின் ஆணைகளைப் பின்தொடர்ந்து எழுதுவது மற்றொரு வழி. ஜப்பானிய வாள் குறித்த பொதுவான நூல்கள் முதல்வழியை மட்டும் பின்பற்றும்போது, தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும் சிதையாமல் வந்து சேர்ந்த ஒரு நுட்பமாக அது தோற்றமளிக்கிறது. இரண்டாம் வழியையும் இணைத்துப் பார்க்கும்போது காட்சி மாறுகிறது. கொல்லனின் உலை எரிந்ததும் அணைந்ததும் பல வேளைகளில் அவனது விருப்பத்தால் நிகழவில்லை என்பது புலனாகிறது.

இவ்விரு வழிகளையும் இணைத்து நோக்குவதற்குக் குறுவாள் ஏற்ற சான்றாகும். நெடுவாள் போர்வீரர் குலத்தின் தனியுரிமையாக ஆக்கப்பட்ட காலத்திலும் வணிகரும் பயணிகளும் குறுவாளை அணிந்தனர். கைவினை நுட்பத்தில் அது நெடுவாளுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. ஒரே மணல், ஒரே கரி, ஒரே களிமண், ஒரே நீர். வேறுபாடு நீளத்தில் மட்டுமே. அந்த நீளமே சட்டத்தின் அளவுகோலாகவும் அமைந்தது.

2. அளவும் வகையும்

ஜப்பானியரின் பழைய நீட்டலளவை 'ஷாகு' ஆகும். ஒரு ஷாகு ஏறத்தாழ 30.3 செ.மீ. அலகின் நீளம் ஒரு ஷாகுவுக்கு உட்பட்டது தாந்தோ. ஒரு ஷாகுவுக்கு மேல் இரண்டு ஷாகுவுக்கு உட்பட்டது வாகிசாஷி. இரண்டு ஷாகுவும் அதற்கு மேற்பட்டதும் நெடுவாள். இக்கட்டுரையில் 'குறுவாள்' என்னும் சொல் இரண்டு ஷாகுவுக்கு உட்பட்ட இருவகையையும் சுட்டும்.

காமகுரா காலத்தில் (12ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1333 வரை) தாந்தோ வடிப்பு உச்சநிலை எய்தியது. கியோத்தோவின் அவாதகுச்சிப் பள்ளியைச் சேர்ந்த யோஷிமித்சு, சகாமி நாட்டின் ஷிந்தோகோ குனிமித்சு ஆகியோர் இவ்வகையில் தலைசிறந்தவர்கள். யோஷிமித்சு பெரிதும் சிறு வாள்களையே வடித்தவர். அவர் கைப்பட்ட நெடுவாள் ஒன்றே என்னும் கருத்தில் அதற்கு 'வாழ்நாளில் ஒன்று' என்று பொருள்படும் 'இச்சிகோ ஹிதோஃபுரி' என்ற பெயர் வழங்குகிறது. முரோமாச்சி காலத்தில், வாய்ப்புறம் மேல்நோக்கி இருக்குமாறு இடுப்புக் கச்சையில் செருகும் வாள்முறை பரவியது. நெடுவாளும் வாகிசாஷியும் இணையாக அணியப்படும் 'தைஷோ' வழக்கத்துக்கு அதுவே அடிப்படையாயிற்று.

குறுவாள்கள் அனைத்தும் தொடக்கத்திலேயே குறுவாளாக வடிக்கப்பட்டவை அல்ல என்பதும் கருதத்தக்கது. பழைய நெடுவாள்களும் நகினாதா என்னும் நீள்பிடி ஆயுதத்தின் அலகுகளும் அடிப்புறத்தில் வெட்டிக் குறைக்கப்பட்டு வாகிசாஷிகளாயின. இவ்வாறு குறைக்கும்போது, பிடிக்குள் மறையும் காம்பில் கொல்லன் பொறித்த பெயர் பல வேளைகளில் இழக்கப்பட்டது. காம்பில் படியும் துருவை எவரும் அகற்றுவதில்லை. வாளின் வயதுக்கு அதுவே சான்று. ஆகவே குறுவாளின் காம்பைப் படிப்பது ஒரு கல்வெட்டைப் படிப்பதற்கு நிகரானது. எழுத்து இருக்கும் இடமும், அழிந்த இடமும், ஆணித்துளைகளின் எண்ணிக்கையும் அந்த வாள் கடந்துவந்த காலங்களைக் கூறுகின்றன.

3. மணலிலிருந்து எஃகு

ஜப்பானிய வாளின் மூலப்பொருள் இரும்புக் கருமணல். மேற்கு ஜப்பானின் சூகோகு மலைப்பகுதி, சிறப்பாக இன்றைய ஷிமானே மாநிலத்தின் ஒகு-இசுமோ வட்டாரம், இதற்குப் பெயர் பெற்றது. கருமணலும் மரக்கரியும் 'ததாரா' எனப்படும் களிமண் உலையில் மாறி மாறி இடப்பட்டு, துருத்திக் காற்றால் மூன்று பகலும் மூன்று இரவும் எரிக்கப்படுகின்றன. உலையை நடத்தும் தலைமைக் கம்மியனுக்கு 'முராகே' என்று பெயர். தீக்கொழுந்தின் நிறம், உலையின் ஓசை, வடியும் கசடின் நீர்மை ஆகியவற்றைக் கொண்டே அவன் அடுத்து இட வேண்டிய மணலின் அளவை முடிவு செய்கிறான்.

இவ்வுலையில் களிமண் சுவர் வெறும் கொள்கலன் அன்று. சுவரின் மண் உருகி மணலின் மாசுகளோடு கூடிக் கசடாகி வெளியேறுகிறது. அதாவது உலை தன்னையே தின்று எஃகை ஈனுகிறது. மூன்றாம் நாள் இறுதியில் மெலிந்துபோன சுவர்களை இடித்துத்தான் அடியில் உறைந்திருக்கும் 'கேரா' என்னும் பாளத்தை எடுக்க இயலும். இன்றைய நடைமுறையில் ஏறத்தாழ 10 டன் கருமணலும் 12 டன் மரக்கரியும் செலவிட்டால் கிடைக்கும் கேரா 2.5 டன் அளவே. அதிலும் வாள் வடிக்கத் தகுந்த 'தமாஹகானே' என்னும் உயர்தர எஃகு ஒரு டன்னுக்கும் குறைவு.

இவ்வெஃகு முழுதும் ஒருசீரானது அன்று. ஒரே பாளத்தில் கார்பன் மிகுந்த பகுதியும் குறைந்த பகுதியும் கலந்திருக்கும். கசடும் இடையிடையே சிக்கியிருக்கும். வாள் வடிப்பின் அடுத்தடுத்த படிநிலைகள் அனைத்தும் இச்சீரின்மையை ஆளும் முயற்சியே.

4. மடித்தலும் பிணைத்தலும்

கொல்லன் முதலில் எஃகுத் துண்டுகளைக் காய்ச்சி மெல்லிய தகடுகளாகத் தட்டி, நீரில் தோய்த்துக் குளிர்விக்கிறான். பின் அத்தகடுகளைச் சுத்தியலால் உடைக்கிறான். எளிதில் உடைபட்டு முறிவிடம் பளபளப்பது கார்பன் மிகுந்த கடின எஃகு. உடையாமல் வளைவது மென்மையானது. தராசோ வேதியியல் ஆய்வோ இன்றி, முறிவின் ஓசையும் தோற்றமும் கொண்டே இத்தரம்பிரிப்பு நிகழ்கிறது.

தேர்ந்த துண்டுகள் ஒரு பிடித்தகட்டின்மேல் அடுக்கப்பட்டு, ஜப்பானியக் கைத்தாளால் சுற்றப்பட்டு, களிமண் குழம்பும் வைக்கோல் சாம்பலும் பூசப்பட்டு உலையில் வைக்கப்படுகின்றன. களிமண்ணும் சாம்பலும் எஃகின் மேற்பரப்பு எரிந்து வீணாகாமல் காக்கின்றன. பற்றவைக்கும் வெப்பநிலையை எட்டியதும் ஆசான் சிறு சுத்தியலால் இடத்தைக் காட்ட, உதவியாளர்கள் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குகின்றனர். பின்னர் நடுவில் உளியால் வெட்டி மடித்து மீண்டும் பற்றவைக்கின்றனர்.

இம்மடிப்பு பொதுவாகப் பத்து முதல் பதினைந்து முறை நிகழும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால் பத்து மடிப்பில் 1,024 அடுக்குகளும் பதினைந்தில் 32,768 அடுக்குகளும் உருவாகும். எண்ணற்ற முறை மடித்தால் வாள் வலிமை மிகும் என்னும் பரவலான எண்ணம் பொருந்தாது. மடிக்கும் ஒவ்வொரு முறையும் கார்பன் குறைகிறது. எஃகும் தீயில் கரைகிறது. தொடக்கத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் இருந்த கார்பன், முடிவில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 விழுக்காடு வரை இறங்குகிறது. அந்த அளவில் நிறுத்தத் தெரிவதே கொல்லனின் திறன். மடிப்பின் நோக்கம் கசடை வெளியேற்றுவதும் கார்பனைச் சீராகப் பரப்புவதுமே. மடிப்பால் பரப்பில் தோன்றும் மரவரி போன்ற கோலம் 'ஹதா' எனப்படும்.

எஃகின் சீரின்மை என்னும் இதே சிக்கலுக்குத் தென்னிந்தியக் கொல்லர்கள் கண்ட விடை வேறு. அவர்கள் இரும்பையும் தாவரக் கரிப்பொருளையும் மண்மூசையில் அடைத்து உருக்கி ஒருசீராக்கினர். அவ்வாறு விளைந்த உருக்கினாலான கீழை நாட்டு வாள்களையும் ஜப்பானிய வாளையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தவர் உலோகவியல் வரலாற்றாளர் சிரில் ஸ்டான்லி ஸ்மித் (உலோகவரைவியலின் வரலாறு, 1960). ஒன்று மூசையின் வெப்பத்தில் பெற்ற சீர்மை. மற்றொன்று சம்மட்டியின் அடியில் பெற்ற சீர்மை.

மடித்து முடித்த கடின எஃகு 'கவாகானே' என்னும் புறத்தோலாகவும், கார்பன் குறைந்த மென்மையான எஃகு 'ஷிங்கானே' என்னும் உள்ளீடாகவும் அமைகின்றன. புறம் கூர்மையைத் தாங்க, உள் அதிர்ச்சியைத் தாங்குகிறது. சிறு தாந்தோக்களில் உள்ளீடு இன்றி ஒரே எஃகால் வடிக்கும் எளிய முறையும் உண்டு.

5. களிமண்ணும் நீரும்

வடிவம் பெற்ற அலகின்மேல் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்த குழம்பு பூசப்படுகிறது. வாய்ப்புறம் மெல்லியதாகவும் முதுகுப்புறம் தடித்ததாகவும் பூச வேண்டும். பூச்சு உலர்ந்தபின் அலகு மீண்டும் காய்ச்சப்பட்டு, ஏறத்தாழ 750 முதல் 800 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீர்த்தொட்டியில் தோய்க்கப்படுகிறது. 'யாகி-இரே' என்னும் இத்தோய்ச்சலுக்குப் பட்டறையை இருட்டாக்குவர். எஃகின் செந்நிறத்தைக் கொண்டே வெப்பத்தை அறிய வேண்டியிருப்பதால் புறவொளி கண்ணை ஏமாற்றக் கூடாது.

மெல்லிய பூச்சுள்ள வாய்ப்புறம் நொடியில் குளிர்ந்து மார்ட்டென்சைட்டு என்னும் கடினப் படிக அமைப்பைப் பெறுகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெல்லக் குளிர்ந்து பியர்லைட்டு என்னும் மென்மையான அமைப்பில் நிற்கிறது. மார்ட்டென்சைட்டாக மாறும்போது பருமன் சற்று மிகுவதால் அலகு முதுகுப்புறமாக வளைகிறது. நெடுவாளுக்கு அழகு தரும் வளைவு இவ்வாறு தோய்ச்சலில் முழுமை பெறுகிறது. சிறிய தாந்தோவில் இவ்வளைவு மிகக் குறைவு. இரு பகுதிகளும் சந்திக்கும் எல்லைக்கோடே 'ஹமோன்'. அது மேற்பூச்சு ஓவியம் அன்று. எஃகின் உள்ளமைப்பு வெளியே தெரியும் இடம்.

தோய்ச்சலில் அலகு விரிசல் கண்டால் அதுவரையிலான உழைப்பு முழுவதும் வீண். தப்பிய அலகு மெருகிடுவோன் கைக்குச் செல்கிறது. அவன் பல தரப்பட்ட நீர்க்கற்களால் படிப்படியாகத் தீட்டி ஹதாவையும் ஹமோனையும் புலப்படுத்துகிறான். பின்னர் அலகின் அடியில் பொருந்தும் உலோக வளையத்தை ஒருவரும், மக்னோலியா வகை மரத்தாலான உறையை மற்றொருவரும் செய்கின்றனர். ஆகவே ஒரு குறுவாள் தனியொரு கொல்லனின் படைப்பன்று. ஒருவர் இன்றி மற்றவர் வாழ இயலாத பல கம்மியரின் கூட்டுப் படைப்பு. இக்கூட்டமைப்பில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் தளரும் என்பது பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படை.

6. ஆணையும் நீளமும்

1588ஆம் ஆண்டு தோயோதோமி ஹிதேயோஷி பிறப்பித்த வாள்பறிப்பு ஆணை, உழவர்கள் வாள், குறுவாள், வில், ஈட்டி, துப்பாக்கி ஆகியவற்றை வைத்திருப்பதைத் தடைசெய்தது. பறிக்கப்பட்ட இரும்பு, கியோத்தோவில் எழும்பிய பெரும்புத்தர் மண்டபத்துக்கு ஆணியாகவும் கவ்வியாகவும் பயன்படும் என்றும், அதனால் உழவர்க்கு மறுமையிலும் நன்மை விளையும் என்றும் ஆணை கூறியது. இதனை முழுமையான ஆயுதக்களைவாகக் கொள்ளும் பழைய கருத்தை வரலாற்றாளர் புஜிகி ஹிசாஷி மறுத்துள்ளார் ('கதானகாரி', 2005). ஆயுதங்கள் ஊர்களில் தொடர்ந்து இருந்தன. வாளை அணியும் உரிமையே குல அடையாளமாக வரையறுக்கப்பட்டது என்பது அவர் நிறுவும் கருத்து. குறுவாளின் பிற்கால வரலாறு இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

தோக்குகாவா ஆட்சியில் (1603–1868) நெடுவாளும் குறுவாளும் இணையாக அணிவது சாமுராய் குலத்தின் அடையாளமாயிற்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகர மக்கள் நெடுவாள் அணிவது தடைசெய்யப்பட்டபோதும் குறுவாளுக்கு அத்தகைய முழுத்தடை இல்லை. வணிகரும் தொலைவழிப் பயணிகளும் அதனை அணிந்தனர். செல்வம் பெருகிய ஒசாகா நகரில் த்சுதா சுகேஹிரோ, இனோவே ஷின்காய் போன்ற கொல்லர்கள் புகழ் பெற்றது இச்சூழலில்தான். சுகேஹிரோ தம் ஹமோனைக் கரைமோதும் கடலலை போல அமைத்தார். போரற்ற காலத்தில் வாளின் பரப்பு ஓவியத் திரையாக மாறியதை இது காட்டுகிறது.

சாமுராய்க்கும் குறுவாள் தனிப் பொருள் கொண்டது. பிறர் இல்லத்துக்குள் நுழையும்போது நெடுவாளைக் களைந்து வைப்பது மரபு. குறுவாள் உடலை விட்டு நீங்குவதில்லை. 1701இல் எதோ கோட்டைக்குள் அசானோ நாகனோரி, கிரா யோஷினாகாவைத் தாக்கியது குறுவாளால்தான். கோட்டையினுள் அவரிடம் இருந்தது அதுவே. அன்றே அவர் தற்கொலைத் தண்டனைக்கு ஆளானார். அவருடைய வீரர்கள் நாற்பத்தெழுவரின் பழிவாங்கலுக்கும் இந்நிகழ்வே வித்தாயிற்று.

7. எரிந்த வாள்கள்: மீட்டுருவாக்கத்தின் தொடக்கம்

அமைதிக்காலம் கைவினைக்கு வளம் சேர்த்தது போலவே இழப்பையும் தந்தது. வாள் வடிப்பின் மிகப்பெரிய மையமாக விளங்கிய பிசென் நாட்டின் ஒசாஃபுனே, 1590ஆம் ஆண்டளவில் யோஷீ ஆற்றின் பெருவெள்ளத்தால் சிதைந்தது. பழைய பிசென் வாள்களின் பரப்பில் மூடுபனி போலத் தோன்றும் 'உத்சுரி' என்னும் தோற்றம் 17ஆம் நூற்றாண்டு வாள்களில் அரிதாகிவிடுகிறது. ஏட்டில் எழுதாமல் கையில் மட்டும் இருந்த அறிவு, கைகளோடு மறைந்தது.

1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது, அங்கிருந்த புகழ்பெற்ற வாள்கள் பல தீக்கிரையாயின. எரிந்த வாள் உருகுவதில்லை. ஆனால் தோய்ச்சலில் பெற்ற கடினத்தன்மையை இழக்கிறது. ஹமோன் மறைகிறது. வடிவம் எஞ்சி, வாள் என்னும் தன்மை நீங்குகிறது. தோக்குகாவா இயேயாசுவின் ஆணைப்படி, எசிசென் யாசுத்சுகு என்னும் கொல்லர் அத்தகைய வாள்களை மீண்டும் களிமண் பூசித் தோய்த்து உயிர்ப்பித்தார். மேற்குறித்த இச்சிகோ ஹிதோஃபுரியும், யோஷிமித்சுவின் 'நமாசுவோ தோஷிரோ' என்னும் வாகிசாஷியும் அவற்றுள் அடங்கும். நமாசுவோ, சிறிய நகினாதாவாக இருந்து குறுவாளாக மாற்றப்பட்டதாகக் கூறப்படுவது; இன்று நகோயாவிலுள்ள தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எஃகு 13ஆம் நூற்றாண்டினது. ஹமோன் 17ஆம் நூற்றாண்டினது. இக்குறுவாள் யாருடைய படைப்பு என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது.

இதே யாசுத்சுகு, ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த இரும்பைத் தம் வாள்களில் பயன்படுத்தி, 'நன்பான் இரும்பு' என்று காம்பில் பெருமையுடன் பொறித்தார். 'நன்பான்' என்பது தென்திசை வழியே வந்த வேற்றாரைக் குறிக்கும் சொல். தூய உள்நாட்டு எஃகே மரபு என்னும் கருத்து அக்காலக் கொல்லனிடம் இருக்கவில்லை என்பதற்கு இப்பொறிப்பே சான்று.

மரபை மீட்க வேண்டும் என்னும் கருத்தைக் கோட்பாடாக முன்வைத்தவர் சுயிஷின்ஷி மசாஹிதே (1750–1825). தம் காலத்து வாள்கள் அலங்காரத்தில் மிகுந்து உறுதியில் குறைந்துவிட்டன என்று கண்ட அவர், காமகுரா காலத்து முறைக்குத் திரும்ப வேண்டும் என்று வாதிட்டார், நூல்கள் எழுதினார், நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கரைப் பயிற்றுவித்தார். அவர்களுள் தாய்கெய் நாவோதானே குறிப்பிடத்தக்கவர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய முறையைக் கற்பிக்க அவருக்கு உயிருடன் ஆசான் எவரும் இல்லை. பழைய வாள்களை உற்றுநோக்கியும் உலையில் மீண்டும் மீண்டும் முயன்றுமே அம்முறையை அவர் உய்த்துணர வேண்டியிருந்தது. மரபைப் பெறுவது என்பது இங்கு மரபை ஆராய்வது என்றாகிறது.

8. உலை அணைந்த காலம்

மெய்ஜி அரசு 1876 மார்ச்சு 28 அன்று வெளியிட்ட 'ஹைதோரே' ஆணை, படைத்துறையினரும் காவலரும் விழாக்கால அலுவலரும் தவிர ஏனையோர் பொதுவிடத்தில் வாள் அணிவதைத் தடுத்தது. வாங்குவோர் இல்லாத நிலையில் கொல்லர்கள் சமையல் கத்தி, அரிவாள், மரவேலைக் கருவிகள் ஆகியவற்றுக்கு மாறினர். இன்று வெட்டுக்கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்ற செகி நகரின் வரலாற்றில் இம்மாற்றம் முதன்மையானது. 1906இல் கஸ்ஸான் சதகாசு, மியாமோதோ கனெனோரி ஆகிய இருவரையும் பேரரசு இல்லக் கலைஞர்களாக அரசு அமர்த்தியது, எஞ்சியிருந்த மிகச் சிலரைக் காக்கும் செயலே.

1920களில் ததாரா உலைகளின் வணிக இயக்கமும் நின்றது. இறக்குமதி எஃகுக்கும் புதிய ஊதுலைகளுக்கும் முன் அது நிற்க இயலவில்லை. 1933இல் நிலைமை திரும்பியது. குரிஹாரா ஹிகோசபுரோ தோக்கியோவில் வாள் வடிப்புப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். அதே ஆண்டு, படை அதிகாரிகளுக்கு வாள் வடிக்க யாசுகுனி திருத்தலத்தில் பட்டறை அமைந்தது. அதற்கு எஃகு தர ஒகு-இசுமோவின் யொகோதாவில் ததாரா மீண்டும் எரியூட்டப்பட்டது. இம்மீட்புக்குப் பின்னிருந்தது கலையார்வம் மட்டுமன்று. படைமயமான ஓர் அரசின் தேவையும் ஆகும். இன்று போற்றப்படும் மரபின் ஒரு கண்ணி போர் வெறியின் உலையில் பற்றவைக்கப்பட்டது என்பதை வரலாற்று ஆய்வு மறைக்கலாகாது.

9. ஆயுதம் கலைப்பொருளானது

1945இல் ஜப்பான் சரணடைந்ததும் நேசநாட்டுப் படை ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்க ஆணையிட்டது. வாள்கள் குவியல் குவியலாகப் பறிக்கப்பட்டு உருக்கப்பட்டன; கடலில் எறியப்பட்டன; நினைவுப் பொருளாக அயல்நாடு சென்றன. வாள் அறிஞர் ஹொன்மா ஜுன்ஜி முதலானோர், படையின் காவல்துறைத் தலைவர் கர்னல் கேட்வெல்லிடம் கலைமதிப்புள்ள வாள்களைத் தனித்துக் காட்டிப் பாதுகாப்புக் கோரினர். தோக்கியோவின் அகாபானே கிடங்கில் குவிந்தவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை தேர்ந்தெடுக்கப்பட்டுத் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது.

இங்கு ஒரு வரையறை பிறந்தது. ஒரே நீளமும் ஒரே வடிவும் கொண்ட இரு வாள்கள் இருந்தால், மரபு முறையில் மடித்துத் தோய்க்கப்பட்டது கலைப்பொருள். ஆலையில் உருவாக்கப்பட்ட படைவாள் வெறும் ஆயுதம். முன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கலாம். பின்னதை வைத்திருக்க இயலாது. பயன்பாட்டால் அன்றி, செய்த முறையால் ஒரு பொருளின் சட்டத்தகுதி முடிவாகிறது. 4, 5ஆம் பகுதிகளில் விளக்கப்பட்ட அடுக்குகளும் களிமண் பூச்சும் இவ்வாறு சட்டச் சான்றுகளாயின.

1950களின் முற்பகுதியில் புதிய வாள் வடிக்க மீண்டும் உரிமம் கிடைத்தது. 1955இல் தகாஹாஷி சதத்சுகு வாள் கொல்லருள் முதல்வராக 'வாழும் தேசியச் செல்வம்' என்னும் தகுதி பெற்றார்; 1963இல் மியாயிரி அகிஹிராவும் 1971இல் கஸ்ஸான் சதாயிச்சியும் அதனைப் பெற்றனர். இவர்களுள் மியாயிரி, குரிஹாராவின் பயிற்சிக்கூடத்தில் கற்றவர். 1977இல், யாசுகுனி ததாராவின் எஞ்சியிருந்த நிலத்தடி அமைப்பின்மேல் 'நித்தோஹோ ததாரா' எழுப்பப்பட்டது. போருக்கு முன் அங்கு உழைத்த முராகே அபே யோஷிசோ உயிருடன் இருந்ததால்தான் அது இயன்றது. உலை அணைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்திருந்தால், தீயின் நிறத்தையும் ஓசையையும் படிக்கும் அறிவு மீளாது போயிருக்கும்.

இன்றைய சட்டப்படி, 15 செ.மீ. அலகுடைய வாளும் அதனினும் நீண்டவையும் பதிவு செய்யப்பட வேண்டும். உரிமம் பெற்ற கொல்லரிடம் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் பயின்று, அரசின் பண்பாட்டு முகமை நடத்தும் தேர்வுப் பயிற்சியில் தேறியவரே வாள் வடிக்கலாம். ஒரு கொல்லர் திங்களுக்கு நெடுவாள் எனில் இரண்டும், குறுவாள் எனில் மூன்றும் மட்டுமே வடிக்கலாம். தோக்குகாவா காலத்தில் அணிவோனின் குலத்தைப் பிரித்த அதே இரண்டு ஷாகு எல்லை, இன்று வடிப்போனின் உழைப்பை அளக்கிறது.

இவ்வரம்பு தரத்தைக் காப்பது உண்மை. அதே வேளையில், கை பழகுவதற்குத் தேவையான எண்ணிக்கையையும் அது கட்டுப்படுத்துகிறது. யோஷிமித்சு காலத்துக் கொல்லனுக்கு இத்தகைய எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருந்ததில்லை. பாதுகாப்பு தரும் சட்டமே பயிற்சியின் எல்லையாகவும் ஆவது, உலகெங்கும் பாதுகாக்கப்படும் கைவினைகள் எதிர்கொள்ளும் முரணாகும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

முதலாவதாக, குறுவாளின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானித்ததில் போர்த்தேவைக்கு நிகராக, சில காலங்களில் அதனினும் மிகுதியாக, அணியும் உரிமை குறித்த ஆணைகள் பங்காற்றின. நெடுவாள் தடைசெய்யப்பட்ட இடத்தில் குறுவாள் வளர்ந்தது.

இரண்டாவதாக, வாள் வடிப்பு மரபு குறைந்தது நான்கு முறை அறுபடும் நிலையை எட்டியது: ஒசாஃபுனேயின் சிதைவு, அலங்காரக் காலத்தில் பழமுறையின் மறதி, 1876இன் ஆணை, 1945இன் பறிப்பு. ஒவ்வொரு முறையும் அதனை மீட்டது பழைய வாள்களின் சான்றும், எஞ்சிய சிலரின் நினைவும், புதிய ஆராய்ச்சியும் ஆகும்.

மூன்றாவதாக, இவ்வாறு மீட்கப்பட்டது என்று கூறுவதால் அம்மரபின் மதிப்பு குறைவதில்லை. தானே இடையறாது ஓடிவந்தது என்று கருதினால், அதனைக் காக்க எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடும். அறுபட்டு முடிச்சிடப்பட்டது என்று அறிந்தால், அம்முடிச்சுகளை இட்ட மசாஹிதேயின் உழைப்பும், எரிந்த அலகை மீண்டும் தோய்த்த யாசுத்சுகுவின் துணிவும், முதுமையில் மீண்டும் உலை முன் நின்ற அபேயின் நினைவாற்றலும் வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறும்.

நமாசுவோ குறுவாளின் எஃகு ஒரு காலத்துக்கும் ஹமோன் மற்றொரு காலத்துக்கும் உரியன என்பது அவ்வாளுக்கு மட்டும் உரிய தனித்தன்மை அன்று. பழைய எஃகின்மேல் புதிய தோய்ச்சல் என்பதே ஜப்பானிய வாள் மரபு முழுமைக்கும் பொருந்தும் விளக்கமாக அமைகிறது. இவ்வகையில் பிற நாட்டுக் கொல்லர் மரபுகளையும் அவை அறுபட்ட இடங்களிலிருந்து ஆராய்வது பயன் தரும்.